ஆச்சியைக் கடலுக்குக் கூட்டிப்போன பூகோள சார்

 

செப்டம்பர் 5 வந்தால் என்னிடம் படித்த பிள்ளைகள் வாழ்த்து அனுப்புகிறார்கள். 37 வருடம் சாக்பீஸ் பிடித்தவளுக்கு அதைவிட என்ன வேண்டும்? ஆனால் அன்றைக்கு என் மனம் எனக்குப் பாடம் சொன்ன ஒருவரிடம்தான் போய் நிற்கும். பெயர் எழுதவில்லை. தன் பெயரை எங்கேயும் போட்டுக்கொள்ள விரும்பாத மனிதர் அவர். எங்களுக்கு அவர் 'பூகோள சார்'. அது போதும்.

அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. 1970களின் தொடக்கம். ஊரில் பாதிப்பேருக்கு திருநெல்வேலி டவுனே வெளியூர். அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஊர் சுற்றுவதையே உயிராக வைத்திருந்த ஒரு வாத்தியார் இருந்தார் என்றால் நம்புவீர்களா? மெலிந்த உடம்பு. காலில் டயர் செருப்பு. தோளில் எப்போதும் ஒரு காக்கித் துணிப்பை. அதற்குள் டார்ச் லைட், ஒரு முழக் கயிறு, திசைகாட்டி, தென்னக ரயில்வே டைம்டேபிள். இந்த நான்கும் இல்லாமல் அவரை நாங்கள் பார்த்ததே இல்லை.

டைம்டேபிளை அவர் பாடப்புத்தகம் போல வைத்து நடத்துவார். "திருநெல்வேலியிலிருந்து கல்கத்தா போகணும். எங்கெங்கே வண்டி மாறணும்? வழியிலே எத்தனை பெரிய ஆறு வரும்?" என்று கேட்பார். நாங்கள் வைகை, காவிரி, பாலாறு, கிருஷ்ணா, கோதாவரி, மகாநதி என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டே போவோம். பரீட்சைக்கு மனப்பாடம் செய்த ஆறுகள் மறந்துபோயின. அந்த ரயில் பாதையில் வந்த ஆறுகள் இன்றும் வரிசை மாறாமல் நினைவில் இருக்கின்றன.

கோடை விடுமுறை விட்டால் அவர் ஊரில் இருக்க மாட்டார். சம்பளத்தில் மிச்சம் பிடித்து, ரயில்வேயில் வட்டப் பயணச் சீட்டு எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். போகிற ஊரிலிருந்தெல்லாம் கார்டு போடுவார், 'ஒன்பதாம் வகுப்பு மாணவ மாணவியர்' என்று பள்ளிக்கூட முகவரிக்கு. வாட்ச்மேன் தாத்தா அவற்றைக் கட்டி வைத்திருப்பார். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் முதல் வகுப்பே அந்தக் கார்டுகளைப் படிப்பதுதான். ஒரு கார்டு ஹரித்துவாரிலிருந்து வந்திருந்தது. மே மாத வெயிலிலும் கங்கைத் தண்ணீரில் கை விறைக்கிறது, நம் ஆற்றில் மே மாதம் மணல் தெரிகிறது, ஏன் என்று யோசித்து வையுங்கள் என்ற அளவில் எழுதியிருந்தார். பனி உருகி வரும் ஆறு எது, மழையை நம்பி ஓடும் ஆறு எது என்ற பாடம் எங்களுக்கு அந்த ஒரு கார்டில் முடிந்துவிட்டது.

அவருடைய சாகசக் கதைகள் தனி. சின்ன வயதில் கொழும்பில் கடை வைத்திருந்த தாய்மாமாவைப் பார்க்க தனுஷ்கோடி போய், அங்கிருந்து கப்பலேறித் தலைமன்னார் போனவர். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் அந்தத் தனுஷ்கோடியே அழிந்தது. பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயில் அதில் இருந்தவர்களோடு கடலுக்குள் போனது. அதற்குப் பிறகும் ஒருமுறை அங்கே போய், இடிந்து நின்ற தேவாலயத்தையும் ரயில் நிலையத்தையும் பார்த்துவிட்டு வந்தார். கரையில் ஒதுங்கிக் கிடந்த ஒரு சின்னப் பவளக் கல்லை எங்கள் வகுப்பு மேஜையில் வைத்து, "நான் டிக்கெட் வாங்கின ஊரு. இப்போ டிக்கெட் கொடுக்க ஆளும் இல்லை, ஊரும் இல்லை" என்றார். வகுப்பே வாயடைத்துப் போயிற்று.

பொதிகையில் அகத்தியர் மலை உச்சிக்கும் ஏறியிருக்கிறார். 1,868 மீட்டர். காணிக்காரர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு அட்டைக்கடி பட்டு ஏறிய கதையை ஒரு வாரம் சொன்னார். ஆனால் ஒன்று கவனித்தேன். எந்தக் கதையிலும் தன் வீரத்தை அவர் சொன்னதில்லை. "காணிக்காரர் போதும்னாரு, நின்னுட்டேன். மறுநா மேகம் விலகிச்சு, ஏறினோம்" என்பார். "உள்ளூர்க்காரன் சொல்லுக்கு மிஞ்சின மேப் கிடையாதுலே. அவன் வேண்டாம்னா வேண்டாம்தான்." சாகசம் என்றால் அசட்டுத் துணிச்சல் என்று நினைத்திருந்த பையன்களுக்கு இது புதுப் பாடம்.

இனி நான் சொல்லவந்த விஷயத்துக்கு வருகிறேன்.

1974 ஜனவரி, பொங்கல் விடுமுறைக்கு முந்தைய வாரம். தாமிரபரணி பாடம் நடந்துகொண்டிருந்தது. 'பொதிகை மலையில் தோன்றி புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது' என்று புத்தகத்தில் ஒரு வரி. சார் புத்தகத்தை மூடினார். "இந்த ஆத்துலதான் பிறந்ததிலிருந்து குளிக்கீங்க. இது எங்கே போய்ச் சேருதுன்னு பார்த்தவங்க கை தூக்குங்க" என்றார். ஒரு கைகூட எழும்பவில்லை. "அப்போ போய்ப் பார்ப்போம். மூணு நாள். ஆளுக்கு 6 ரூபாயும் ஒரு படி அரிசியும்" என்றார்.

பையன்கள் குதித்தார்கள். நாங்கள் பெண் பிள்ளைகள் பதினோரு பேர், தலையைக் குனிந்துகொண்டோம். வீட்டில் என்ன சொல்வார்கள் என்று எங்களுக்குக் கேட்காமலே தெரியும்.

சார் அன்று சாயங்காலமே வீடு வீடாக வந்தார். எங்கள் வீட்டில் முடிவு சொல்வது என் அப்பாவைப் பெற்ற ஆச்சி. திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தாள்.

"சார்வாள், வயசுக்கு வந்த பிள்ளைய மூணு நாள் ராத்தங்க அனுப்ப முடியுமா? நீங்களே சொல்லுங்க."

சார் கோபப்படவில்லை, பெண் கல்வி பற்றிப் பிரசங்கமும் செய்யவில்லை. "நீங்க சொல்றது சரிதான் ஆச்சி. அப்போ நீங்களும் வாங்க. பிள்ளைகளுக்குத் துணை ஆச்சு" என்றார். பிறகு, "நீங்க கடல் பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டார்.

ஆச்சியின் கையில் இடி உரல் நின்றுவிட்டது.

ஆச்சிக்கு அப்போது அறுபது தாண்டியிருக்கும். வீரவநல்லூரில் பிறந்து பதினாலு வயதில் எங்கள் ஊருக்கு வாழ்க்கைப்பட்டவள். அவள் போன அதிகபட்ச தூரம் நெல்லையப்பர் கோயில் ஆனித் தேர். திருச்செந்தூர் முருகனுக்கு ஒரு வேண்டுதல் வைத்து முப்பது வருடம் ஆகியிருந்தது. ஒரு வருடம் நடவு, ஒரு வருடம் மகள் பிரசவம், ஒரு வருடம் தாத்தாவுக்குக் காய்ச்சல் என்று அது தள்ளிக்கொண்டே போயிற்று. கடல் எங்கள் ஊரிலிருந்து நூறு கிலோமீட்டருக்குள். அந்த ஆற்றுத் தண்ணீரில்தான் அவள் குளித்தாள், சமைத்தாள், வயலுக்குப் பாய்ச்சினாள். அது போய்ச் சேரும் இடத்தை அவள் பார்த்ததில்லை.

"ரயிலுக்கு நானும் 6 ரூவா தரணுமா சார்வாள்?" என்றாள். அவ்வளவுதான். சம்மதம் கிடைத்துவிட்டது. ஆச்சி போகிறாள் என்று தெரிந்ததும் மற்ற வீடுகளிலும் மனசு இளகியது. பதினொன்றில் ஒன்பது பெண்கள் கிளம்பினோம்.

முதல் நாள் காலை பாபநாசம். மலை இறங்கி ஆறு சமவெளிக்கு வரும் இடம். மேலே 143 அடி அணை, 1944 முதல் ஓடும் மின்நிலையம், எல்லாவற்றையும் காட்டினார். குளிக்கும் முன் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்களிடம் ஆழம் எங்கே, சுழல் எங்கே என்று கேட்டு, கயிறு கட்டி எல்லை போட்டார். பிறகு எங்களை எண்ணினார். அந்த மூன்று நாளும் எத்தனை முறை எண்ணினார் என்பதற்குக் கணக்கே இல்லை. கடைசியில் ஆச்சியே, "சார்வாள், என்னையும் எண்ணிட்டீங்களா?" என்று கேலி செய்யத் தொடங்கிவிட்டாள்.

அங்கே ஒரு வேலை கொடுத்தார். "நாம நிக்கிற ஒவ்வொரு இடத்திலேயும் ஆத்துல கிடக்கிறதை ஒரு பிடி எடுத்துப் பொட்டலம் கட்டு. ஊர் பேர் எழுது." பாபநாசத்தில் தலையளவுப் பாறைகளுக்கு நடுவே ஒரு கூழாங்கல் தேடுவதே பாடாக இருந்தது. அம்பாசமுத்திரத்தில் நெல்லிக்காய் அளவுக் கற்கள் கிடைத்தன. அங்கிருந்து மீட்டர்கேஜ் பாசஞ்சர் ஏறி சாயங்காலம் திருநெல்வேலி. குறுக்குத்துறையில், வெள்ளம் வந்தால் மூழ்கிப்போகும் முருகன் கோயில் பக்கம் இறங்கினோம். அங்கே வெறும் மணல்.

வண்ணாரப்பேட்டைப் பக்கம் வந்து சுலோசன முதலியார் பாலத்தின் மேல் நின்றோம். 1843ல் திறந்த பாலம். ஒரு தனி மனிதர் தன் சொந்தப் பணத்தைப் போட்டுக் கட்டியது. அதன் மேல் அன்றைக்கு பஸ்சும் லாரியும் போய்க்கொண்டிருந்தன. "பணம் இருந்தவங்க எத்தனையோ பேர் இந்தக் கரையிலே இருந்திருப்பாங்க. பேரு நின்னது யாருக்கு?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் நடந்தார். அன்று இரவு பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூட வராந்தாவில் ஜமுக்காளம் விரித்துப் படுத்தோம். ஆச்சி ஒன்பது பெண்களுக்கும் குறுக்கே, வாசலை அடைத்துப் படுத்தாள்.

மறுநாள் திருச்செந்தூர் ரயிலில் ஸ்ரீவைகுண்டம். தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசி. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று அணைக்கட்டின் மேலேயே நின்று வாய்ப்பாடு போலச் சொல்ல வைத்தார். "மேலே இருக்கிறவன் தண்ணிய முழுக்க அடைச்சா கீழே இருக்கிறவன் கதி என்ன? அதுக்குத்தான் அணைக்கட்டை வழிஞ்சு ஓடுற மாதிரி கட்டினாங்க" என்றார். எங்கள் ஊருக்குத் தண்ணீர் தரும் வாய்க்கால் எந்த அணைக்கட்டிலிருந்து பிரிகிறது என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

அங்கிருந்து ஆதிச்சநல்லூர். செம்மண் பறம்பு. காலடியில் எல்லாம் பானை ஓடு. 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ என்ற ஆங்கிலேயர் இங்கே அகழ்ந்து, முதுமக்கள் தாழிகளையும் இரும்புக் கருவிகளையும் பொன் நெற்றிப்பட்டங்களையும் எடுத்த கதையைச் சொன்னார். ஒரு பையன் ஓட்டுத்துண்டு ஒன்றைப் பொட்டலம் கட்டப் போனான். சார் தடுத்தார். "கல்லு ஆத்தோடது, எடுக்கலாம். இது செத்தவங்களோடது. வை கீழே." பறம்பில் நடக்க முதலில் தயங்கிய ஆச்சி, அதைக் கேட்டதும் கைகூப்பினாள். "நம்ம பாட்டன் பூட்டன்லா" என்றாள். அன்று இரவு ஆழ்வார்திருநகரியில் ஒரு சத்திரம். நம்மாழ்வார் சந்நிதியையும் உறங்காப்புளியையும் சேவித்ததில் ஆச்சிக்குப் பாதிப் பயணம் பலித்துவிட்டது.

மூன்றாம் நாள் பஸ்ஸில் ஆத்தூர். நமது ஆத்தூர் வெற்றிலைக்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்தது தெரியும்தானே? அதே ஆத்தூர்தான். தாமிரபரணித் தண்ணீரில் வளர்ந்த கொடிக்கால்கள். ஆச்சி ஒரு கவுளி வாங்கி, ஒன்றை மென்று, "நம்ம ஆத்துத் தண்ணிக்கு இங்க வந்து இம்புட்டுக் காரம் வந்துட்டே" என்றாள். வெற்றிலைக் கட்டு ஏற்றி வந்து வெறுமனே திரும்பிய மாட்டுவண்டி ஒன்றில் அவளை ஏற்றிவிட்டு, நாங்கள் புன்னைக்காயலுக்கு நடந்தோம்.

நடக்கும்போது சார் கொற்கையைப் பற்றிச் சொன்னார். பாண்டியரின் துறைமுகம், முத்துக்குப் பெயர் போனது. இன்று அது கடலைவிட்டுப் பல கிலோமீட்டர் உள்ளே தள்ளி ஒரு சின்னக் கிராமம். கடல் எங்கே போனது? "உங்க ஊர் மண்ணுதான் அதைத் தள்ளிவிட்டுச்சு" என்றார். வருடா வருடம் வெள்ளத்தில் ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல், கரையைக் கடலுக்குள் நீட்டிக்கொண்டே போனதாம். நாங்கள் நடந்துகொண்டிருந்த அந்தப் பாதையே எங்கள் மலையும் எங்கள் வயலும் கரைந்து வந்த மண்ணாக இருக்கலாம் என்று தோன்றியதும், தெரியாத ஊர் என்ற பயம் எனக்குப் போய்விட்டது.

புன்னைக்காயல். மீனவர் ஊர். தமிழில் முதன்முதலாக அச்சான புத்தகங்களை உருவாக்கிய அண்டிரிக் அடிகளார் 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்து பணி செய்த ஊர். ஆற்றின் வாயில் தண்ணீர் அகன்று, அசைவே இல்லாமல் கிடந்தது. குனிந்து ஒரு பிடி எடுத்தால் வழவழவென்று சேறு. சார் பொட்டலங்களை வரிசையாகப் பிரித்து வைக்கச் சொன்னார். பாறைத் துண்டு, கூழாங்கல், மணல், சேறு. "இது எல்லாம் ஒரே கல்லுதான். நடந்து நடந்து இப்படி ஆயிருக்கு" என்றார். மலையில் வேகமாக வரும் ஆறு பெரிய கல்லையும் உருட்டும், சமவெளியில் வேகம் குறையக் குறையக் கனமானதை விட்டுவிட்டு நுண்ணியதை மட்டும் சுமக்கும் என்ற விளக்கம் அதற்குப் பிறகு இரண்டே வாக்கியத்தில் முடிந்தது.

பிறகு கடல். பையன்கள் கத்திக்கொண்டு ஓடினார்கள். ஆச்சி மட்டும் மணலில் அப்படியே நின்றாள். வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒரு அம்மா, "எந்த ஊரு ஆச்சி?" என்று கேட்டாள். ஊரைச் சொன்னதும், "நீங்க குளிச்சுட்டு விடுற தண்ணிதான் எங்களுக்கு வருது" என்று சிரித்தாள். ஆச்சிக்கும் சிரிப்பு வந்தது. அந்த அம்மா கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, அவளுக்குப் பாதி வெற்றிலையைக் கொடுத்தாள்.

ரொம்ப நேரம் கழித்துத்தான் ஆச்சி வாய் திறந்தாள்.

"சார்வாள், இம்புட்டுத் தண்ணியும் இங்க வந்து சேருதே, பெறவு எங்க போவும்?"

சார் ஒன்பதாம் வகுப்புக்குச் சொல்வது போலவே அவளுக்கும் பொறுமையாகச் சொன்னார். வெயிலில் ஆவியாவது, மேகமாவது, ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குக் காற்று அதைக் கரைக்குக் கொண்டுவருவது, பொதிகை அதைத் தடுத்து மழையாக இறக்குவது.

"அப்போ இது நம்ம ஊருக்குத்தான் திரும்பி வருது" என்றாள் ஆச்சி.

"எழுதிக்கோங்க" என்று எங்கள் பக்கம் திரும்பினார் சார். "ஆச்சி சொன்னதை அப்படியே எழுதிக்கோங்க."

திரும்பும் வழியில் திருச்செந்தூர் போய் ஆச்சியின் முப்பது வருட வேண்டுதலும் நிறைவேறியது.

இரண்டு வருடம் கழித்து நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தேன். பாளையங்கோட்டையில் ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. விடுதியில் தங்க வேண்டும். அப்பா வேண்டாம் என்றார். மாப்பிள்ளை பார்க்கும் பேச்சும் நடந்துகொண்டிருந்தது. ஆச்சி திண்ணையிலிருந்தே சத்தம் போட்டாள். "ஏலே, அவ புன்னைக்காயல் வரைக்கும் போய்ட்டு வந்தவ. பாளையங்கோட்டைக்குப் போகமாட்டாளா?" அத்தோடு பேச்சு முடிந்தது. 1978ல் சான்றிதழோடு வெளியே வந்தேன். 1981ல் வேலை. அந்த வேலைதான் என் இரண்டு தங்கைகளையும் படிக்க வைத்தது, பிறகு என் பிள்ளைகளையும்.

இப்போது யோசித்துப் பார்த்தால் சார் அன்று திண்ணையில் செய்ததுதான் பெரிய காரியம் என்று தோன்றுகிறது. எங்கள் வீட்டுக் கட்டுப்பாட்டோடு அவர் சண்டை போடவில்லை. கட்டுப்பாட்டைக் காத்துக்கொண்டிருந்தவளையே பயணத்துக்கு அழைத்துவிட்டார். ஒருவரைக் கடல் வரை கூட்டிப்போய்விட்டால், அதற்குப் பிறகு அவரே மற்றவர்களுக்கு வழி விடுவார் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

நான் வேலை பார்த்ததெல்லாம் தொடக்கப்பள்ளிகள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை மூன்று நாள் கூட்டிப்போக முடியாது. ஆனால் எந்த ஊருக்கு மாற்றலானாலும், அந்த ஊர்க் குளத்துக்கு எந்தக் கால்வாய் வழியாகத் தண்ணீர் வருகிறது, மறுகால் பாய்ந்தால் எந்தக் குளத்துக்குப் போகிறது என்று வருடத்துக்கு ஒருநாள் நடந்து பார்த்துவிடுவோம். வீட்டுக்கு ஒரு பெரியவர் வரலாம் என்று சொல்லிவிடுவேன். நிறையப் பாட்டிகள் வந்தார்கள்.

2019 ஜனவரியில், நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு கேரளப் பக்கம் வழியாகப் பெண்களும் அகத்தியர் மலை உச்சிக்கு ஏறத் தொடங்கினார்கள் என்று செய்தி வந்தபோது, சார் இருந்திருந்தால் அடுத்த நாளே வகுப்பில் பொட்டலம் கட்டச் சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

2023 டிசம்பர் 17, 18 உங்களுக்கு நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்றுபோய்ப் பயணிகள் தவித்தார்கள். டிவியில் ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, ஆத்தூர், புன்னைக்காயல் என்று ஊர்ப் பெயர்கள் ஓடின. வீட்டில் மற்றவர்களுக்கு அது செய்தி. எனக்கு நான் படுத்துறங்கிய, தண்ணீர் குடித்த ஊர்கள். அன்று ஒன்றாகப் போன தோழிகள் நாலைந்து பேர் போனிலேயே பணம் திரட்டி, அரிசியும் போர்வையும் வாங்கி அனுப்பினோம். எங்கே அனுப்புவது என்று எங்களுக்குள் பேச்சே வரவில்லை. புன்னைக்காயலுக்குத்தான்.

சாரை நான் கடைசியாகப் பார்த்தது 2011ல். எண்பது தாண்டிவிட்டது. கால் வராது. கட்டிலுக்குப் பக்கத்தில் பழைய டைம்டேபிள் இருந்தது. "தென்காசிப் பாதையிலே பிராட்கேஜ் வேலை எதுவரைக்கும் வந்திருக்கு?" என்று கேட்டார். "ஆத்துல தண்ணி எப்படிப் போகுது?" என்றார். ஆச்சி எப்போது போனாள் என்றும் கேட்டார். 1989 என்றேன். "நல்ல மாணவி" என்றார். மறுவருடம் அந்தப் பாதையில் அகல ரயில் ஓடத் தொடங்கியது. அதைப் பார்க்க அவர் இல்லை.

ஆசிரியராக இருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. இன்றைக்கு ஒரு சுற்றுலாவுக்கு எத்தனை கையெழுத்து, எத்தனை அனுமதி வேண்டும் என்பது எனக்கும் தெரியும். பிள்ளைகளின் பாதுகாப்புக்கு அவை வேண்டும்தான். சாரும் மணிக்கொரு தரம் எண்ணினவர்தானே. ஆனால் ஊர்க் குளத்து மடை வரை நடந்து போக அத்தனை தேவைப்படாது.

மற்ற எல்லோருக்கும் ஒரு கேள்வி. உங்கள் ஊர் ஓடையோ ஆறோ எங்கே போய்ச் சேருகிறது என்று வீட்டுப் பிள்ளையிடம் இன்று கேட்டுப் பாருங்கள். தெரியவில்லை என்றால் அடுத்த விடுமுறைக்கு வேலை கிடைத்துவிட்டது. கிளம்பும்போது வீட்டில் இருக்கும் ஆச்சியையோ தாத்தாவையோ மறக்காமல் வண்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள்.